புதிய கோன்ஃபிளவர் ரகங்களைச் சில்லறை விற்பனையில் கண்டுபிடிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

புதிய கோன்ஃபிளவர் ரகம் ஒன்றின் படத்தை ஓர் அறிவிப்பில் பார்த்துவிட்டு, அருகிலுள்ள தோட்டக் கடைகளில் விசாரித்து, "அப்படி எதுவும் எங்களிடம் வரவில்லை" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் பலர். அந்தச் செடி எங்கோ இருக்கிறது. ஆனால் அது கடைக்கு வந்து சேரும் பாதையும் நாம் தேடும் பாதையும் சந்திப்பதில்லை. கடையிலிருந்து தேடலைத் தொடங்காமல், அந்த ரகத்தை உருவாக்கியவரிடமிருந்து தொடங்கி விற்பனைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகக் கீழே இறங்கி வந்தால், அது எந்தக் கடைக்கு, எந்தப் பருவத்தில், எந்த வடிவில் வரும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். இந்த வழிகாட்டி அந்த முறையையே விளக்குகிறது. கோன்ஃபிளவர், அதாவது எக்கினேசியா, வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அதன் புதிய ரகங்களின் வணிகம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் நெதர்லாந்து, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளிலும் நடப்பதால், எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன.

செடி கடைக்கு வரும் வழி

1990களின் இறுதிவரை தோட்டங்களில் இருந்தவை பெரும்பாலும் இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்திலோ வெள்ளையிலோ பூக்கும் எக்கினேசியா பர்பூரியா ரகங்கள்தான். 1998இல் அமெரிக்கப் பல்லாண்டுச் செடிகள் சங்கம் ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்ந்தெடுத்த 'மேக்னஸ்' அவற்றில் ஒன்று. அதன் பிறகு சிகாகோ தாவரவியல் பூங்காவில் ஜிம் ஆல்ட், பர்பூரியாவை மஞ்சள் நிறத்தில் பூக்கும் எக்கினேசியா பாரடாக்ஸாவுடன் கலந்து ஆரஞ்சு நிறச் செடியை உருவாக்கினார். ஜார்ஜியாவின் ரிச்சர்ட் சால் உருவாக்கிய பிக் ஸ்கை வரிசை (ஒரே பெயரின்கீழ் பல நிறங்களில் வெளிவரும் ரகங்களின் தொகுப்பு), ஒரேகானின் டெர்ரா நோவா நர்சரியின் ரகங்கள், நெதர்லாந்தின் அரி ப்ளோம் உருவாக்கிய அடுக்குப் பூக்கள் என்று நிறங்களும் வடிவங்களும் பெருகின.

இவற்றில் பெரும்பாலானவை கலப்பினங்கள். அவற்றின் விதையை விதைத்தால் தாய்ச்செடியைப் போன்ற பிள்ளை கிடைக்காது. எனவே ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில், அதாவது செடியின் சிறு திசுத் துண்டிலிருந்து பெருக்கி, குழித்தட்டுகளில் நாற்றாக வளர்த்து, உரிமம் பெற்ற பெரிய நர்சரிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்த நர்சரிகள் தொட்டிச் செடியாக வளர்த்துச் சில்லறைக் கடைகளுக்கு விற்கின்றன. அதாவது உருவாக்கியவர், உரிமத்தை நிர்வகிக்கும் நிறுவனம், திசு வளர்ப்பு ஆய்வகம், நாற்று வளர்ப்பவர், தொட்டிச் செடி வளர்ப்பவர், கடை என்று குறைந்தது ஐந்தாறு கைகள் மாறித்தான் செடி நம்மிடம் வருகிறது. முதல் கையில் அறிவிப்பு வெளியாகும் நேரத்தில் கடைசிக் கைக்குச் செடி போயிருக்காது. கடைக்காரர் பொய் சொல்வதில்லை. அவருக்கு இன்னும் பட்டியலே வந்திருக்காது.

முதல் படி: பெயரைச் சரியாகப் பிடித்தல்

தேடல் தோற்பதற்கு மிகப் பெரிய காரணம் பெயர்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே செடிக்கு இரண்டு பெயர்கள் இருப்பது இந்த வணிகத்தில் இயல்பு. ஒன்று, பதிவு செய்யப்பட்ட ரகப் பெயர். மற்றொன்று, விற்பனைக்காக வைக்கப்பட்ட வணிகப் பெயர். 'ஆரஞ்ச் மெடோபிரைட்' என்று விற்கப்பட்ட செடியின் ரகப் பெயர் 'ஆர்ட்ஸ் பிரைடு'. பிக் ஸ்கை வரிசையில் 'ஹார்வெஸ்ட் மூன்' என்று அறியப்பட்டதன் ரகப் பெயர் 'மேத்யூ சால்'. 'சன்டவுன்' என்பதன் ரகப் பெயர் 'இவான் சால்'. சொம்ப்ரெரோ வரிசையின் 'சல்சா ரெட்', ஆவணங்களில் 'பால்சொம்செட்' என்ற, யாருக்கும் நினைவில் நிற்காத பெயரில் இருக்கிறது.

ஒரு நர்சரி தன் பட்டியலில் ரகப் பெயரை மட்டும் எழுதியிருந்தால், வணிகப் பெயரைக் கொண்டு தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. ஆகவே தேடத் தொடங்கும்முன் ஒரு தாளில் நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை வணிகப் பெயர், ரகப் பெயர், அது சேர்ந்த வரிசையின் பெயர், அதை உருவாக்கிய அல்லது அறிமுகப்படுத்திய நிறுவனத்தின் பெயர். நான்கையும் அச்சில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். பின்னர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவும், 'எக்கினேசியா' என்ற சொல்லோடு சேர்த்தும் தேடுங்கள். 'கோன்ஃபிளவர்' என்று மட்டும் தேடினால், அதே பெயரில் அழைக்கப்படும் ருட்பெக்கியா, ரேட்டிபிடா போன்ற வேறு பேரினங்களும் முடிவுகளில் கலந்துவிடும்.

வரிசையின் பெயரை மட்டும் நம்பி வாங்குவதும் கூடாது. ஒரே வரிசைக்குள் ஒரு நிறம் வலுவாக வளர்வதும் மற்றொன்று முதல் குளிர்காலத்தையே தாண்டாமல் போவதும் உண்டு.

இரண்டாம் படி: செடியின் உரிமையாளரை அறிதல்

அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விதையின்றிப் பெருக்கப்படும் புதிய செடிகளுக்குத் தாவரக் காப்புரிமை வழங்கப்படுகிறது. இன்று அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லும். செடியின் அடையாள அட்டையில் 'பிபி' (PP) என்ற எழுத்துகளுடன் எண் இருந்தால் காப்புரிமை கிடைத்துவிட்டது என்றும், 'பிபிஏஎஃப்' (PPAF) என்று இருந்தால் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்றும் பொருள். மிகப் புதிய ரகங்களில் இரண்டாவதைத்தான் அதிகம் காண்பீர்கள்.

காப்புரிமை ஆவணங்கள் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக் கூடியவை. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் பக்கத்திலோ கூகுள் பேட்டன்ட்ஸ் தளத்திலோ ரகப் பெயரைத் தேடினால், உருவாக்கியவர் யார், உரிமை யாருக்கு மாற்றப்பட்டுள்ளது, பெற்றோர்ச் செடிகள் எவை, உயரமும் பூவின் விட்டமும் எவ்வளவு என்பவை கிடைக்கும். விற்பனைப் பட்டியலின் வருணனையைவிட இந்த ஆவணத்தின் வருணனையே நம்பத்தகுந்தது. நிறத்தைக்கூட அது நிற அட்டவணையின் எண்ணைக் கொண்டு குறிப்பிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு இணையான தாவர ரக உரிமைகளை, பிரான்ஸின் ஆன்ஷே நகரில் உள்ள சமூகத் தாவர ரக அலுவலகம் வழங்குகிறது. அதன் ரகத் தேடல் பக்கமும் பொதுமக்களுக்குத் திறந்ததே.

உரிமையாளர் தெரிந்ததும் அந்த நிறுவனத்தின் இணையதளத்துக்குச் செல்லுங்கள். சொம்ப்ரெரோ வரிசையின் உரிமையுள்ள டார்வின் பெரெனியல்ஸ், பால் ஹார்ட்டிகல்ச்சரல் நிறுவனத்தின் ஒரு பிரிவு. மிச்சிகனின் சீலண்ட் நகரில் உள்ள வால்டர்ஸ் கார்டன்ஸ், புரூவன் வின்னர்ஸ் முத்திரையின் பல்லாண்டுச் செடிகளை வளர்க்கிறது. டெர்ரா நோவாவைப் போலவே இவையும் மொத்த விற்பனை நிறுவனங்கள். தனி ஒருவருக்கு ஒரு செடி விற்கமாட்டா. அதற்காக அவற்றைக் குறைசொல்வதில் பயனில்லை. ஆனால் இத்தகைய நிறுவனங்களின் தளங்களில் பெரும்பாலும் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென 'எங்கே வாங்குவது' என்ற பக்கம் இருக்கும். அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் சுற்றுவட்டாரக் கடைகளைக் காட்டும். அந்தக் கடைகள் அந்த நிறுவனத்தின் செடிகளை வாங்குபவை என்பதுதான் அதற்குப் பொருள். நீங்கள் தேடும் குறிப்பிட்ட ரகம் அங்கே இருக்கும் என்ற உறுதி அல்ல.

மூன்றாம் படி: ஆண்டின் ஓட்டத்தோடு சேர்ந்து தேடுதல்

புதிய ரகங்கள் முதலில் வணிகர்களுக்கே காட்டப்படுகின்றன. ஜனவரியில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் நடக்கும் ஐபிஎம் (IPM) தோட்டக்கலைக் கண்காட்சி, வசந்தத்தில் நடக்கும் கலிபோர்னியா வசந்தச் சோதனைகள், ஜூலையில் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் நடக்கும் கல்டிவேட் கண்காட்சி ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அங்கே காட்டப்படுவது அடுத்த ஆண்டுக்கோ அதற்கு அடுத்த ஆண்டுக்கோ உரிய செடி. கடைகள் அடுத்த வசந்தத்துக்கான தங்கள் கொள்முதலைக் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத்திலும் முடிவுசெய்கின்றன. அஞ்சல் வழி நர்சரிகளின் புதிய பட்டியல்கள் குளிர்காலத்தின் நடுவில், பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வெளிவருகின்றன.

இந்த ஓட்டத்துக்கேற்ப, கோடையில் பெயர்களைச் சேகரியுங்கள். இலையுதிர்காலத்தில் உள்ளூர்க் கடையிடம் கேளுங்கள். ஜனவரியில் அஞ்சல் வழி நர்சரிகளில் முன்பதிவு செய்யுங்கள். மே மாதத்தில் தேடத் தொடங்குகிறவருக்கு 'இருப்பு இல்லை' என்ற அறிவிப்பே மிஞ்சும். முதல் ஆண்டில் ஆய்வகத்திலிருந்து வெளிவரும் நாற்றுகளின் எண்ணிக்கை குறைவு. அவற்றுக்கு முன்பதிவு செய்தவர்களே முதலில் பெறுகிறார்கள்.

நான்காம் படி: அஞ்சல் வழி நர்சரிகள்

மிகப் புதிய ரகங்களைப் பொறுத்தவரை அஞ்சல் வழி நர்சரிகளே முதல் நம்பிக்கை. ஒரு தோட்டக் கடை ஒரு ரகத்தைத் தட்டுக் கணக்கில் வாங்கி ஓரிரு மாதங்களுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். நாடு முழுவதும் வாடிக்கையாளர்களைக் கொண்ட அஞ்சல் நர்சரியோ, யாருக்கும் பழக்கமில்லாத ரகத்தைத் துணிந்து வாங்க முடியும். ஒஹாயோவின் மேடிசனில் உள்ள ப்ளூஸ்டோன் பெரெனியல்ஸ், வட கரோலினாவின் ராலேயில் உள்ள பிளான்ட் டிலைட்ஸ், கனெக்டிகட்டின் ஒயிட் ஃபிளவர் ஃபார்ம், சீலண்டின் கார்டன் கிராசிங்ஸ் போன்றவற்றின் பட்டியல்களை ஆண்டுதோறும் புரட்டிப் பார்ப்பது பயன் தரும். இவற்றின் இயல்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. சில நர்சரிகள் தாங்களே செடியை வளர்த்துப் பார்த்தபின் பட்டியலில் சேர்க்கின்றன. சில, அறிமுகமான ஆண்டிலேயே சேர்த்துவிடுகின்றன. முதல் வகையினரின் வருணனையில் செடியின் குறைகளும் எழுதப்பட்டிருக்கும். அத்தகைய நர்சரியையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

பிரிட்டனில் தேடல் எளிது. அரச தோட்டக்கலைச் சங்கத்தின் 'பிளான்ட் ஃபைண்டர்', எந்த ரகத்தை எந்த நர்சரி விற்கிறது என்பதைத் தொகுத்துத் தருவதற்காகவே 1987இல் முதன்முதலில் வெளியானது. இப்போது அச்சங்கத்தின் இணையதளத்திலேயே ரகப் பெயரைக் கொண்டு விற்பனையாளர்களைத் தேடலாம். ரகப் பெயர்களைச் சரிபார்க்கவும் அது சிறந்த கருவி. மற்ற நாடுகளில் இருப்பவர்களும் அதற்காக அதைப் பயன்படுத்தலாம்.

விலையை ஒப்பிடும்போது செடியின் அளவை முதலில் பாருங்கள். ஒரே ரகம் குழித்தட்டு நாற்றாகவும், கால் கேலன் தொட்டியிலும், ஒரு கேலன் தொட்டியிலும், மண் நீக்கிய வெறும் வேராகவும் விற்கப்படலாம். மலிவாகத் தெரிவது பெரும்பாலும் நாற்றாக இருக்கும். நாற்று குறையல்ல, ஆனால் அது முதல் ஆண்டில் பூக்காமல் போகலாம், கூடுதல் கவனமும் கேட்கும். வெறும் வேர் கோன்ஃபிளவரின் மிகப் புதிய கலப்பினங்களுக்கு ஏற்ற வடிவம் என்று நான் கருதவில்லை. தொட்டியில் வேரூன்றிய செடி கிடைக்கும்போது அதையே தேர்ந்தெடுங்கள்.

முன்பதிவு செய்யும்முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். கேட்ட ரகம் தீர்ந்துபோனால் கேட்காமலே வேறு ரகத்தை அனுப்புவார்களா? உங்கள் குளிர் மண்டலத்துக்கு (குளிர்காலக் கடுமையைக் கொண்டு வகுக்கப்பட்ட பகுதிக்கு) எந்த வாரத்தில் அனுப்புவார்கள்? செடி பட்டுப்போனால் எத்தனை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்? குறிப்பாக முதல் கேள்வி முக்கியமானது. 'மாற்று ரகம் வேண்டாம்' என்று ஆணையிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: உள்ளூர்த் தோட்டக் கடையைத் துணையாக்குதல்

கல்லாவில் இருப்பவரிடம் கேட்பதால் பயன் குறைவு. பல்லாண்டுச் செடிகளைக் கொள்முதல் செய்பவர் யார் என்று விசாரித்து, ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் அவரிடம் பேசுங்கள். படத்தைக் காட்டி "இப்படியொரு செடி வேண்டும்" என்று கேட்காமல், முதல் படியில் குறித்த நான்கு செய்திகளையும் கொடுத்து, "இந்த நிறுவனத்தின் நாற்றுகளை உங்களுக்கு வழங்கும் வளர்ப்பாளர் யாராவது இருக்கிறாரா?" என்று கேளுங்கள். கொள்முதலாளரின் மொழியில் அமைந்த கேள்வி அது. அவர் தன் முகவரின் பட்டியலில் ஒரு நிமிடத்தில் தேடிப் பார்க்க முடியும். ஒரு தட்டு முழுவதும் வாங்கினால்தான் வரவழைக்க முடியும் என்று சொன்னால், அதே ரகத்தை விரும்பும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள முன்வாருங்கள்.

பெரிய சங்கிலிக் கடைகளில் இந்த உரையாடலுக்கு இடமில்லை. அவற்றின் கொள்முதல் வேறெங்கோ முடிவாகிறது. ஆனால் விதையிலிருந்து வளரும் புதிய ரகங்கள் அங்கே தாராளமாகக் கிடைக்கும். புதிய ரகங்களை வளர்த்துச் சோதித்து வழங்கப்படும் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருதை 2010இல் பெற்ற 'பவ்வவ் வைல்ட் பெர்ரி', 2013இல் பெற்ற 'செயென் ஸ்பிரிட்' ஆகியவை விதை ரகங்கள். 2020இல் அதே விருதைப் பெற்ற 'சொம்ப்ரெரோ பாஹா பர்கண்டி'யும் பரவலாக வளர்க்கப்படுகிறது. தாவரவியல் பூங்காக்கள் வசந்தத்தில் நடத்தும் செடி விற்பனைகளையும் தவறவிடாதீர்கள்.

ஆறாம் படி: ஏமாற்று விற்பனையை விலக்குதல்

நீலக் கோன்ஃபிளவர் என்று ஒன்று இல்லை. ஒரே பூவில் ஏழு நிறம் காட்டும் 'வானவில்' கோன்ஃபிளவரும் இல்லை. பொதுச் சந்தைத் தளங்களில் இவற்றின் விதை என்று விற்கப்படுபவை நிறம் மாற்றிய படங்களைக் காட்டி விற்கப்படுபவை. இவற்றைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஏமாற்று ஒன்று உண்டு. 'ஹாட் பப்பாயா' போன்ற, திசு வளர்ப்பில் மட்டுமே பெருகும் உண்மையான ரகத்தின் பெயரில் விதை விற்பார்கள். அந்த விதையிலிருந்து ஏதோ ஒரு கோன்ஃபிளவர் முளைக்கலாம். நீங்கள் பணம் கொடுத்த ரகம் முளைக்காது. எனவே விதை வாங்கும்முன், அந்த ரகம் விதை ரகம்தானா என்பதை உருவாக்கிய நிறுவனத்தின் பக்கத்தில் உறுதிசெய்யுங்கள். ஜெர்மனியின் ஜெலிட்டோ நிறுவனத்தின் 'கிரீன் ட்விஸ்டர்' போன்றவை விதையாகவே விற்கப்படுபவை. அவற்றைத் தயங்காமல் வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து தனி விற்பனையாளர் அனுப்பும் செடிகளையும் விதைகளையும் தவிர்க்கும்படி அழுத்திச் சொல்வேன். நோயோ பூச்சியோ உடன் வந்துவிடும் என்ற அச்சத்தால், பெரும்பாலான நாடுகள் தாவர நலச் சான்றிதழ் இல்லாத செடிகளை எல்லையிலேயே தடுக்கின்றன. 2021 ஜனவரி முதல் பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலும் இந்தச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டது. 2020இல் அமெரிக்காவில் பல வீடுகளுக்குக் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் அஞ்சலில் வந்தபோது, அவற்றை விதைக்க வேண்டாம் என்று வேளாண் துறை எச்சரித்ததும் இதே அச்சத்தால்தான்.

ஏழாம் படி: வாங்கத் தகுந்ததா என்று முன்கூட்டியே பார்த்தல்

இடம் கண்டுபிடித்துவிட்டால் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. டெலவேர் மாநிலத்தின் மவுண்ட் கியூபா மையம், கோன்ஃபிளவர் ரகங்களை 2007 முதல் 2009 வரை ஒருமுறையும், 2018 முதல் 2020 வரை மறுமுறையும் மண்ணில் நட்டு ஒப்பிட்டு அறிக்கை வெளியிட்டது. 'பிகா பெல்லா' அதில் சிறந்த இடம் பெற்றது. அது புதுமையான நிறமோ அடுக்குப் பூவோ இல்லாத, எளிய ஊதா இளஞ்சிவப்புச் செடி. முழு அடுக்குப் பூக்களைத் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் மிகக் குறைவாகவே நாடின. சிகாகோ தாவரவியல் பூங்காவும் தன் செடி மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது.

மிகப் புதிய ரகம் இத்தகைய அறிக்கைகளில் இடம்பெற்றிருக்காது. அப்போது காப்புரிமை ஆவணத்தில் உள்ள பெற்றோர்ச் செடிகளைப் பார்த்து, அவை சோதனைகளில் எப்படி நடந்துகொண்டன என்று தேடலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு என் ஆலோசனை, ஓராண்டு காத்திருப்பதே. இரண்டாம் ஆண்டில் நாற்றுகள் பெருகும், விலை இறங்கும், குளிர்காலத்தைத் தாங்கியதா என்பதும் தெரிந்துவிடும்.

எட்டாம் படி: செடி வந்தபின்

பெட்டி வந்த அன்றே திறந்து, அட்டையில் உள்ள பெயரையும் காப்புரிமை எண்ணையும் ஆணையோடு ஒப்பிடுங்கள். தண்டின் அடிப்பகுதி உறுதியாகவும் வேர்கள் வெளிர்நிறத்திலும் இருக்க வேண்டும். பூவோடு வாங்கும் செடியில், பூவின் நடுவிலிருந்து பச்சை இலைக் கொத்துகள் முளைத்திருந்தால், அது தத்துப்பூச்சிகள் பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோயாக இருக்கலாம். அதை நடாமல் உடனே விற்பனையாளருக்குப் படத்துடன் தெரிவியுங்கள். இந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. அடுக்குப் பூ ரகங்களில் இதழ்க் குவியலை நோய் என்று தவறாக எண்ணவும் வாய்ப்புண்டு என்பதால் ரகத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிய கலப்பினங்களை வசந்தத்தில் நட்டு, நீர் தேங்காத மண்ணில் வேரூன்றச் செய்வது அவற்றின் ஆயுளையே தீர்மானிக்கிறது. முதல் ஆண்டில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் வலு வேருக்குச் செல்லும். கோடையின் இறுதியில் தள்ளுபடி விலையில் பூத்துக் குலுங்கும் செடிகள் மனத்தை இழுக்கும். குளிர்காலத்துக்குள் வேர்பிடிக்க அவற்றுக்கு நேரம் போதாது.

எங்கும் கிடைக்காதபோது

உரிமையாளர் நிறுவனத்துக்கே ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள். ரகப் பெயர், உங்கள் அஞ்சல் குறியீடு, இந்த ஆண்டு உங்கள் பகுதிக்கு அதை வளர்க்கும் நர்சரி எது என்ற ஒரே கேள்வி ஆகியவை போதும். பதில் வந்தால், அந்த நர்சரியிடம் எந்தக் கடைகளுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்கலாம். பதிலில் அந்த ரகம் நிறுத்தப்பட்டுவிட்டதாகச் சொல்லப்பட்டால், அதன் வழித்தோன்றலாக எந்த ரகத்தை அறிமுகப்படுத்தியுள்ளார்கள் என்று கேளுங்கள். இந்தத் துறையில் ரகங்கள் விரைவாக மறைகின்றன. அதே நிறத்தில் மேலும் வலுவான ஒன்று பெரும்பாலும் அதன் இடத்துக்கு வந்திருக்கும். 2000களின் தொடக்கத்தில் விண்ணப்பிக்கப்பட்ட காப்புரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி வருவதால், அக்காலத்து ரகங்களைச் சிறு நர்சரிகள் இனி உரிமம் இல்லாமலே பெருக்கலாம். அவற்றைத் தேடும்போது வணிகப் பெயரை விட்டுவிட்டு ரகப் பெயரால் தேடுங்கள். வணிகப் பெயர் வணிக முத்திரையாகப் பதிவாகியிருந்தால், காப்புரிமை முடிந்த பிறகும் அதை மற்றவர்கள் பயன்படுத்த முடியாது.